மகளின் மதம் எது என்று பள்ளி கேட்கும்போது

வாசகர் கேள்வி:

நான் இந்து ஆதிதிராவிடர் சமூகத்தைச் சேர்ந்தவள். என் கணவரும் பிறப்பால் எங்கள் சாதிதான். ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே கத்தோலிக்கராகிவிட்ட குடும்பம் என்பதால், அவருடைய சான்றிதழ் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது. இருவருமே மதம் மாறாமல், சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு அலுவலகத்தில் மணம் செய்துகொண்டோம். எங்கள் ஆறு வயது மகள் கன்னியர்கள் நடத்தும் பள்ளியில் இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. சேர்க்கைப் படிவத்தில் மதம், சாதி இரண்டையும் எழுதாமல் விட்டிருந்தோம். கத்தோலிக்கப் பிள்ளைகளை மறைக்கல்விக்கும் மற்றவர்களை நன்னெறி வகுப்புக்கும் பிரித்து அனுப்பிய அன்று, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாததால் அவள் கரும்பலகைக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் எந்த ரூம்?" என்று கேட்டாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே என்று மாமியார் அழுகிறார். "எஸ்.சி. சர்டிபிகேட்டைக் கெடுத்துவிடாதே" என்கிறார் என் அம்மா. "இந்தக் காலத்தில் மதம் எதற்கு, காலியாகவே விடு" என்கிறார் அலுவலகத் தோழி. எதுவும் எழுதாவிட்டால் அவள் அடையாளம் இல்லாதவளாக வளர்வாளா? இந்து என்று எழுதிவிட்டு மாமியாரோடு தேவாலயப் பூசைக்கு அனுப்பினால் அது மோசடி ஆகுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

குடும்ப நல வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அரசும் பள்ளியும் உங்கள் மகளை எப்படிப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது ஒன்று. அவள் தன்னை யாரென்று அறிந்து வளரப் போகிறாள் என்பது மற்றொன்று. முதலாவதை ஒத்திப்போடலாம், பின்னால் திருத்தவும் செய்யலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. இரண்டாவதை யாராலும் ஒத்திப்போட முடியாது. பாட்டி சொல்லிக்கொடுக்கும் செபத்திலும், அம்மாச்சி வீட்டுக் குலதெய்வப் பொங்கலிலும், யார் வீட்டுக்கு யார் சாப்பிட வருகிறார்கள், யார் வருவதில்லை என்பதிலும் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. படிவத்தில் அந்த இடம் காலியாக இருக்கலாம். வளர்ப்பில் காலியாக இருக்க வழியில்லை. நீங்கள் படிவத்தைக் காலியாக விட்டதில் எந்தத் தவறும் இல்லை. அந்தக் காலியிடத்துக்கு என்ன பொருள் என்பதைப் பள்ளிக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை; அவள் கரும்பலகையோரம் நிற்க நேர்ந்தது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

பள்ளியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அது நாளைக்கே தீரக்கூடியது. சாதி, சமயக் குறிப்பு இல்லாமல் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று தமிழ்நாடு அரசு 1973ஆம் ஆண்டிலும், மீண்டும் 2000ஆம் ஆண்டிலும் ஆணை பிறப்பித்திருக்கிறது. ஆகவே எழுதியே ஆக வேண்டும் என்று பள்ளி உங்களை வற்புறுத்த முடியாது. அதேபோல, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தக் கல்வி நிறுவனத்திலும், பெற்றோரின் இசைவு இல்லாமல் ஒரு குழந்தையைச் சமய போதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. கன்னியர்கள் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தது அந்த விதியை மதித்துத்தான். அவர்கள் மீது வருத்தப்பட வேண்டாம். தலைமைச் சகோதரிக்கு நீங்களும் கணவரும் கையொப்பமிட்டு, மகளை நன்னெறி வகுப்பில் அமர்த்தும்படி நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஏன் நன்னெறி வகுப்பைச் சொல்கிறேன் என்பது கீழே வரும் சட்ட விவரங்களைப் படித்தால் விளங்கும்.

இந்தத் திருமணத்தால் நீங்கள் கிறிஸ்தவர் ஆகிவிடவில்லை. சொல்லத் தேவையில்லாத செய்தியாகத் தோன்றலாம். ஆனால் கணவனின் மதமே மனைவியின் மதம் என்ற எண்ணம் அலுவலகங்களில் மட்டுமல்ல, ஒருகாலத்தில் நீதிமன்றத்திலும் இருந்தது. பார்சிப் பெண் ஒருவர் இந்துவைச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்ததால் பார்சி என்ற தகுதியை இழந்துவிட்டார் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017 டிசம்பரில், அந்தச் சட்டத்தின்படி நடக்கும் திருமணம் பெண்ணின் மத அடையாளத்தைக் கணவனுடையதில் கரைத்துவிடுவதில்லை என்ற கருத்தை வெளிப்படுத்தியது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமான வழக்கு நம் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்தது. பட்டியல் சாதியில் பிறந்த இந்துப் பெண் மருத்துவர் ஒருவர் கிறிஸ்தவரை மணந்திருந்தார். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்குவதைக் கண்ட அதிகாரிகள், அவர் மதம் மாறிவிட்டதாக முடிவு கட்டிச் சமூகச் சான்றிதழை ரத்து செய்தனர். சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அந்த உத்தரவை நீக்கிச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. கணவரோடும் பிள்ளைகளோடும் தேவாலயத்துக்குப் போவதாலோ சுவரில் சிலுவை மாட்டுவதாலோ ஒருவர் பிறந்த மதத்தைத் துறந்துவிட்டதாகப் பொருள் இல்லை என்பது அதன் சாரம். எனவே உங்கள் சான்றிதழைப் பற்றி உங்கள் அம்மா கவலைப்பட வேண்டியதில்லை.

மகளின் நிலை அவ்வளவு எளிதல்ல. பெற்றோரில் ஒருவர் இந்துவாக இருந்து, அந்த ஒருவருடைய குடும்பத்தின் அல்லது சமூகத்தின் உறுப்பினராகவே வளர்க்கப்படும் பிள்ளை இந்து என்று 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இரண்டாம் பிரிவின் விளக்கத்தில் கூறுகிறது. சாதி விஷயத்தில், தகப்பனுடைய சாதியே பிள்ளைக்கு என்ற அனுமானம் இருந்தாலும், தாயின் சமூகத்துப் பிள்ளையாகவே வளர்ந்தாள், அச்சமூகத்தின் இழிவுகளையும் இன்னல்களையும் அவளும் சுமந்தாள் என்று காட்டினால் அந்த அனுமானம் விலகும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் விளக்கியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் கலப்பு மணத் தம்பதியரின் பிள்ளைகளுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவருடைய சமூகத்தை ஏற்கும் நடைமுறை உண்டு. இவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது வளர்ப்பு என்ற ஒன்றுதான். படிவத்தில் என்ன எழுதினீர்கள் என்பதைவிட, வீட்டில் எப்படி வளர்த்தீர்கள் என்பதையே விசாரணைக்கு வரும் அதிகாரியும் நீதிபதியும் பார்ப்பார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்த ஒரு மேல்முறையீட்டை நீங்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர், தந்தை இந்து, தாய் கிறிஸ்தவர் என்ற குடும்பத்தில் பிறந்தவர், அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரினார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றிருந்ததும், குடும்பம் தொடர்ந்து தேவாலய வாழ்க்கையில் இருந்ததும் ஆவணங்களில் தெரியவந்தன. உள்ளத்தில் அந்த மதத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல், இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது, அது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் வஞ்சனை என்று நீதிமன்றம் கடுமையாகக் கூறியது. ராமநாதபுரம் வழக்கையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பாட்டியோடு பூசைக்குப் போவதும், கிறிஸ்துமஸ் அன்று குடில் வைப்பதும், வேளாங்கண்ணிக்கு நடந்து போவதும் மதமாற்றம் ஆகாது; அப்படியானால் தமிழ்நாட்டில் பாதி இந்துக்கள் இந்துக்களாக இருக்க முடியாது. ஆனால் தேவாலயத்தின் பங்குப் பதிவேட்டில் ஏறும் ஞானஸ்நானம் வேறு வகை. தேவாலயத்தில் ஞானஸ்நானம், பள்ளியில் மறைக்கல்வி, வட்டாட்சியர் அலுவலகத்தில் இந்து ஆதிதிராவிடர் என்று மூன்றையும் ஒரே பிள்ளையின் பெயரில் வைத்துக்கொள்ள நினைத்தால், அதை மோசடி என்று பிறர் சொல்லும் நாள் வரும். அப்போது அதற்கு விலை கொடுப்பவர் நீங்கள் அல்லர். வேலையில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்து உங்கள் மகள் கொடுப்பாள். பொய்ச் சான்றிதழால் பெற்ற படிப்பும் பணியும் எத்தனை காலம் கடந்தாலும் நிலைக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

ஆகவே உங்கள் முன்னால் நேர்மையான வழிகள் மூன்று இருக்கின்றன. ஞானஸ்நானம் இல்லாமல், உங்கள் குடும்பத்துப் பிள்ளையாக வளர்த்து, தகப்பன் கிறிஸ்தவர் என்ற உண்மையையும் மறைக்காமல் எழுதி, உங்கள் வழியில் ஆதிதிராவிடர் சான்றிதழ் கேட்பது ஒன்று. விசாரணை இருக்கும், கிடைத்தே தீரும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்த்து, கணவரைப் போல் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் பெறுவது இரண்டாவது. உங்கள் அம்மா அஞ்சுவதுபோல் அதனால் எல்லாம் பாழாகிவிடாது. தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஆதிதிராவிடருக்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட, 18 விழுக்காடு. இஸ்லாமியர் நீங்கலான பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவ மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகைகள் உண்டு. இழப்பு உண்மையானதுதான், குறிப்பாக மத்திய அரசுப் பணிகளிலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பிலும்; ஆனால் வாழ்வே போய்விட்டது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. இப்போதுபோல் காலியாகவே விட்டுவைப்பது மூன்றாவது. அப்படி விட்டிருக்கும் வரை ஒதுக்கீடு எதையும் கோர இயலாது. பிற்காலத்தில் சமூகச் சான்றிதழ் கேட்டால், பள்ளி ஆவணத்தில் இல்லையே என்ற கேள்வி எழும். அதற்குப் பதில் சொல்லவாவது உங்கள் திருமணச் சான்று, இருவருடைய சமூகச் சான்றுகள், இரு தரப்புப் பெற்றோரின் ஆவணங்கள் எல்லாவற்றையும் இன்றே ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இந்த இடத்தில் என் மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியவில்லை. நீங்களும் உங்கள் கணவரும் ஒரே சாதி. இரு குடும்பத்துப் பாட்டன்களும் ஒரே வகையான கூலி வேலைக்குப் போனவர்களாக, ஒரே டீக்கடையில் தனிக் குவளை வாங்கியவர்களாக இருந்திருக்கக் கூடும். ஒருவர் பிள்ளைக்குப் பட்டியல் சாதித் தகுதி உண்டு, மற்றவர் பிள்ளைக்கு இல்லை என்று பிரித்தது 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. இந்துவாக இல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று தொடங்கிய அந்த ஆணையில் 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரையும் இஸ்லாமியரையும் சேர்க்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்பது அந்த ஆணைக்குள் இருக்கும் அனுமானம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களைக்கூடச் சாதிவாரியாகப் பிரித்து நிற்கும் சுவரைப் பார்த்த எவரும் அந்த அனுமானத்தை நம்ப மாட்டார்கள். மனச்சாட்சியின் சுதந்திரத்தை 25ஆம் பிரிவில் எல்லோருக்கும் வழங்கிய நாடு, ஒரு பகுதி மக்களை மட்டும் அந்தச் சுதந்திரத்துக்குக் கட்டணம் செலுத்த வைப்பது அநீதி என்றே நான் கருதுகிறேன். உங்கள் அம்மாவின் பதற்றத்தைப் பேராசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழ் எப்படிப்பட்ட வாழ்க்கைக்கு ஈடாகத் தரப்பட்டது என்பதை அவர் அறிந்தவர்.

உங்கள் தோழி சொன்னதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் மதம் எதற்கு என்பது, மதத்தால் எதையும் பெறவும் இழக்கவும் வேண்டியிராத வீட்டில் பிறந்தவர்களுக்கு எளிதாக வாய்க்கும் கேள்வி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் பேர். ஒரு விழுக்காட்டில் கால் பங்குகூட இல்லை. அவர்களுடைய முடிவை நான் மதிக்கிறேன். நீங்களும் உங்கள் கணவரும் உண்மையிலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தால் அதுவும் தலைநிமிர்ந்து நிற்கத்தக்க இடமே. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் மதம் என்பது பழைமையின் மிச்சமாக மட்டும் இருந்ததில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியதும், தாழ்ந்தவர் என்று தம்மேல் எழுதப்பட்ட பெயரை அழித்துத் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளும் முயற்சிகள். உங்கள் கணவரின் தாத்தா எந்தக் காரணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றார் என்று நான் அறியேன். சாமிக்காக, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பாதிரியாருக்காக, பஞ்ச காலத்துக் கஞ்சிக்காக என்று எத்தனையோ காரணங்களால் மக்கள் மாறினார்கள். அவற்றில் எதையும் கேவலமாக நினைக்க எனக்கு மனம் வராது. நம் ஊர்ப்பக்கத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு எழுத்தும் மருத்துவமும் நாற்காலியில் உட்காரும் உரிமையும் மதத்தின் வாசல் வழியாகவே வந்தன. அதே வாசலுக்குள் சாதியும் பின்தொடர்ந்து வந்தது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் மகளின் குடும்பக் கதை முழுமையாகும்.

அந்தக் கதையை அவளுக்குச் சொல்வதுதான் வளர்ப்பு என்று நான் கருதுகிறேன். அடையாளம் இல்லாதவளாக வளர்வாளோ என்று அஞ்சுகிறீர்கள். குடும்ப நீதிமன்றத்தில் கலப்பு மணத் தம்பதியரின் பிள்ளைகள் பலரை அறைக்குள் உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். இரண்டு மரபுகளில் வளர்ந்ததால் குழம்பிப்போனேன் என்று சொன்ன பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரு மரபைப் பற்றி மற்றவர் இருக்கும்போது பேசக் கூடாது என்று உணர்ந்து வளர்ந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அப்பா வீட்டுக்குப் போகும் வழியில் நெற்றித் திருநீற்றைத் தானே துடைத்துக்கொள்ளும் பிள்ளை, அம்மாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் செபமாலையைப் பைக்குள் திணிக்கும் பிள்ளை. அந்தப் பிள்ளைகள் ஒளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். பாதிப்பு அங்கேதான் தொடங்குகிறது. எனவே "எல்லாச் சாமியும் ஒன்றுதான்" என்று சொல்லி வேற்றுமையை மூடிவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு பாட்டி சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிடுகிறார், இன்னொரு பாட்டி முதல் கவளத்தைக் காக்கைக்கு வைக்கிறார். அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை அந்தந்தப் பாட்டியே அவளுக்குச் சொல்லட்டும். நம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கும் நீங்கள், நீங்கள் ஏன் இரண்டையும் செய்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா நம்பவில்லை, ஆனாலும் பாட்டியின் செபத்தின்போது அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள் என்பதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பிறர் நம்பிக்கையோடு எப்படிப் பழகுவது என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதத்தைப் பற்றிக் கவலைப்பட்டு இவ்வளவு எழுதியிருக்கும் நீங்கள், மகளிடம் சாதியை எப்போது, எப்படிச் சொல்வது என்று ஒரு வரியும் எழுதவில்லை. பள்ளிப் பேருந்திலோ விளையாட்டுத் திடலிலோ வேறொரு பிள்ளையின் வாயிலிருந்து இழிசொல்லாக அது அவள் காதில் விழுவதற்கு முன், உங்கள் வாயிலிருந்து குடும்ப வரலாறாக அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதுக்குள் சொல்லிவிடுங்கள். தாத்தாக்கள் என்ன வேலை செய்தார்கள், எதை எதிர்த்தார்கள், யார் முதலில் படித்தார்கள், ஒரு குடும்பம் ஏன் மதம் மாறியது, மற்றது ஏன் மாறவில்லை என்ற கதையாகச் சொல்லுங்கள். எந்த வகுப்பறைக்கு அனுப்பினாலும் அவள் காலூன்றி நிற்க அது உதவும்.

உங்கள் மாமியாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கடிதத்தில் அவர் அழுகிறார் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் மட்டும் நடந்த உங்கள் திருமணம் சபையின் கண்ணில் முறையான திருமணம் அல்ல. அதனால் உங்கள் கணவர், பூசையில் வழங்கப்படும் திருவப்பமான நற்கருணையை வாங்க முடியாத நிலையில் இருக்கிறார். ஞாயிறுதோறும் மற்றவர் பிள்ளைகள் வரிசையில் எழுந்து போகும்போது தம் மகன் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருப்பதை ஒரு தாய் பார்க்கிறார். அவருடைய அழுகையில் பேத்தியைப் பற்றிய கவலையோடு இதுவும் கலந்திருக்கக் கூடும். இதற்குச் சபைக்குள்ளேயே வழி உண்டு. நீங்கள் மதம் மாறாமலேயே, ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு உங்கள் திருமணத்தைச் சபை ஏற்றுக்கொள்ளச் செய்யலாம். கணவர் பங்குத்தந்தையிடம் கேட்டால் விவரம் சொல்வார். ஆனால் அப்போது பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதெல்லாம் செய்வதாகக் கத்தோலிக்கத் துணைவர் வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படி அவர் வாக்களிப்பது உங்களுக்கும் தெரிவிக்கப்படும். ஆகவே மகளைப் பற்றி இருவரும் ஒரு முடிவுக்கு வந்த பிறகே அந்தக் கதவைத் தட்டுங்கள். மாமியாரின் மனம் குளிர வேண்டும் என்பதற்காக வாக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது அவருடைய நம்பிக்கைக்கும் மரியாதை ஆகாது.

ஞானஸ்நானத்தைப் பற்றியும் சபைச் சட்டம் சொல்வதை அவரிடம் கணவர் எடுத்துச் சொல்லலாம். குழந்தை கத்தோலிக்க மரபில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இருக்க வேண்டும், அது அறவே இல்லையென்றால் ஞானஸ்நானத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது சபையின் விதி. ஏழு வயது நிறைந்த பிள்ளையை விவரம் அறிந்த பிள்ளையாகவே சபை கருதுகிறது. அதன்பின் ஞானஸ்நானம் பெறுவதற்குப் பிள்ளையின் சொந்த விருப்பமும் கற்றறிதலும் வேண்டும். உங்கள் மகளுக்கு ஆறு வயது. அவளைக் கேட்காமல் செய்யும் காலம் கடந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி மாமியாருக்கு வலிக்கலாம். ஆனால் கேட்டுச் செய்யும் வாசல் ஒருபோதும் மூடப்படுவதில்லை என்ற செய்தியும் அதே விதியில் இருக்கிறது. நாட்டின் சட்டமும் இதற்கு இசைவானதே. பிள்ளையின் வளரும் அறிவுக்கு ஏற்பப் பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்று கூறும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. வயது வந்த ஒருவர் தம் மதத்தையும் துணையையும் தாமே தேர்ந்தெடுப்பதில் பெற்றோரோ நீதிமன்றமோ தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல், கேரளத்து இளம்பெண் ஒருவரின் வழக்கில், தெளிவாக்கிவிட்டது.

இவற்றையெல்லாம் வைத்து நான் சொல்லும் ஆலோசனை இது. ஞானஸ்நானம் இப்போது வேண்டாம். அவளாகக் கேட்கும் காலம் வந்தால் மறுக்கவும் வேண்டாம். பள்ளியில் நன்னெறி வகுப்பு. உங்கள் தாய்வீட்டுப் பழக்கங்களிலும் உறவுகளிலும் அவள் உண்மையிலேயே வளர்கிறாள் என்றால், உங்கள் வழியில் சமூகச் சான்றிதழுக்கு மனுச் செய்யுங்கள். சான்றிதழுக்காகவே அவளை அங்கே அழைத்துப் போக வேண்டியிருக்கிறது என்றால் மனுச் செய்யாதீர்கள். பாட்டியோடு பூசைக்குப் போவதைத் தடுக்காதீர்கள், அதை யாரிடமும் ஒளிக்கவும் செய்யாதீர்கள். பின்னாளில் அவள் கத்தோலிக்கராகத் தீர்மானித்தால், பட்டியல் சாதித் தகுதி இன்றைய சட்டப்படி போய்விடும் என்பதையும் சொல்லிவிட்டு, முடிவை அவளிடமே விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்த, மதம் வேறுபட்ட தம்பதியருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் சொத்துரிமையில் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. தாய்க்கு எதுவும் இல்லை. மகனை நம்பி வாழும் உங்கள் மாமியாருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குச் சொத்து இருக்கும் பட்சத்தில் உங்கள் அம்மாவுக்கும் இதே நிலைதான். இருவரும் உயில் எழுதி, இரு தாய்மாருக்கும் வேண்டியதை அதில் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

மாமியாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர். மருமகள் சொன்னால் மறுப்பாகக் கேட்கும் சொல், மகன் சொன்னால் முடிவாகக் கேட்கும். இருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவு என்று அவர் வாயாலேயே அவர் தாய்க்குத் தெரியட்டும். அதற்கு மறுநாள் பள்ளிக்கான கடிதத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.